பாய்ஸ் பிவேர்

பாய்ஸ் பிவேர் (பொருள்: "பையன்களே, எச்சரிக்கை") என்பது 1961 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தயாரிக்கப்பட்ட, பள்ளி மாணவர்களுக்கான பாதுகாப்புக் குறும்படம் ஆகும். இதனைத் தயாரித்தவர் சிட் டேவிஸ். லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டியுள்ள இங்கிள்வுட் நகரக் காவல்துறை, இங்கிள்வுட் பள்ளி மாவட்டம் ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் எடுக்கப்பட்ட இப்படம் சுமார் பத்து நிமிடங்கள் ஓடக்கூடியது. சிறுவர்களைப் பாலியல் வன்முறையிலிருந்து காப்பதே இதன் நோக்கம். ஆனால் தற்பால் ஈர்ப்பு உடையவர்களையும் சிறுவர்களைக் கெடுப்பவர்களையும் ஒரே வகையினராகக் காட்டியமை, தனக்கு நேர்ந்ததை வெளியே சொன்ன சிறுவன் தண்டனை பெறுவதாகக் காட்டியமை ஆகிய இரண்டு காரணங்களால், பாதுகாப்புக் கல்வி எவ்வாறு அமையக் கூடாது என்பதற்கான எடுத்துக்காட்டாக இன்று இப்படம் குறிப்பிடப்படுகிறது.

தயாரிப்பாளர்

சிட் டேவிஸ் (1916–2006) சிகாகோவில் பிறந்து லாஸ் ஏஞ்சலசில் வளர்ந்தவர். சிறுவயதிலேயே திரைப்படங்களில் துணை நடிகராகத் தோன்றினார். பள்ளிப் படிப்பை நிறைவு செய்யவில்லை. பின்னர் நடிகர் ஜான் வேய்னுக்கு மாற்றாளாகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஒளியமைப்பைச் சரிபார்க்கும் நேரத்தில் நாயகனுக்குப் பதிலாக அவர் இடத்தில் நிற்பதே மாற்றாளின் வேலை.

1949 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லாஸ் ஏஞ்சலசில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கொலை செய்யப்பட்டாள். நகரையே உலுக்கிய இந்நிகழ்வைக் கண்ட டேவிஸ், குழந்தைகளை எச்சரிக்கும் படம் ஒன்று தேவை என்று வேய்னிடம் கூறினார். வேய்ன் 1,000 டாலர் கடனாகக் கொடுத்தார். அப்பணத்தைக் கொண்டு எடுக்கப்பட்டதே "தி டேஞ்சரஸ் ஸ்ட்ரேஞ்சர்" என்ற முதற்படம். அறிமுகமில்லாதவருடன் போகாதே என்பது அதன் செய்தி. காவல் நிலையங்களும் பள்ளிகளும் படத்தின் படிகளை வாங்கின. இதுவே டேவிசின் வாழ்நாள் தொழிலாயிற்று. அவர் 150க்கும் மேற்பட்ட குறும்படங்களைத் தயாரித்தார்.

இவற்றின் பொருள் பலவகைப்பட்டது. "லிவ் அண்ட் லேர்ன்" (1951) வீட்டிலும் தெருவிலும் நேரும் விபத்துகளைப் பற்றியது. இதில் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி ஓடும் சிறுமியாக டேவிசின் மகளே நடித்துள்ளார். "தி டெரிபிள் ட்ரூத்" (1951) போதைப்பொருளைப் பற்றியது. "கேங் பாய்" (1954) இளைஞர் குழுச் சண்டைகளையும், "தி டிராப்அவுட்" (1962) பள்ளியை இடையில் நிறுத்துவதையும் எடுத்துக்கொண்டன. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: சிறு தவறு, உடனடிப் பேரழிவு. இடையில் மீளும் வழி பெரும்பாலும் காட்டப்படுவதில்லை.

கதைச்சுருக்கம்

பள்ளியொன்றில் பேசுவதற்காகச் செல்லும் காவல் அதிகாரி ஒருவர் நான்கு நிகழ்வுகளை விவரிப்பதாகப் படம் அமைந்துள்ளது.

முதல் நிகழ்வே நீளமானது. விளையாடிவிட்டு வீடு திரும்பும் ஜிம்மி என்ற சிறுவன் சாலையோரம் நின்று வாகனம் ஒன்றில் ஏறிக்கொள்கிறான். ஓட்டி வந்த ரால்ஃப் இனிமையாகப் பேசுகிறான். மறுநாளும் வருகிறான். குளிர்பானம் வாங்கித் தருகிறான், மீன்பிடிக்க அழைத்துச் செல்கிறான், ஆபாசமான நகைச்சுவை சொல்கிறான், பின்னர் ஆபாசப் படங்களைக் காட்டுகிறான். பரிசும் பணமும் தொடர்கின்றன. இறுதியில் சிறுவன் விடுதி அறைக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். ரால்ஃப் ஒரு நோயாளி என்றும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பெரியம்மையைப் போல் தொற்றக்கூடிய மனநோய் அது என்றும் அதிகாரியின் குரல் விளக்குகிறது. அந்நோய்க்கு அவர் தரும் பெயர் தற்பால் ஈர்ப்பு என்பதே. ஜிம்மி பெற்றோரிடம் சொல்கிறான். ரால்ஃப் கைது செய்யப்படுகிறான். ஜிம்மியோ நன்னடத்தைக் கண்காணிப்பின் கீழ் பெற்றோரிடம் ஒப்படைக்கப்படுகிறான்.

ஏனைய மூன்றும் சுருக்கமானவை. கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் ஆட்டத்தில் சேர்ந்துகொண்ட மனிதனின் வண்டியில் ஏறிச் சென்று கொல்லப்படுகிறான். மற்றொரு சிறுவன் வண்டியில் ஏற்றப்படும்போது நண்பர்கள் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வதால் மீட்கப்படுகிறான். கடைசிச் சிறுவன் தன்னை ஒருவன் பின்தொடர்வதை உணர்ந்து, தனி வழியே செல்லாமல் நண்பர்களிடம் திரும்பிச் செல்கிறான்.

படமாக்கம்

டேவிசின் படங்கள் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டவை. ஒரு படத்துக்குச் சுமார் 1,000 டாலர் என்பது அவர் வைத்துக்கொண்ட அளவு. நடிகர்களின் பேச்சை நேரடியாக ஒலிப்பதிவு செய்வது செலவு மிக்கது என்பதால், காட்சிகளை ஊமையாகப் படம்பிடித்துப் பின்னர் வர்ணனைக் குரலைச் சேர்ப்பது வழக்கம். பாய்ஸ் பிவேர் படத்திலும் பாத்திரங்கள் பேசுவதில்லை. அவர்கள் உதடசைக்க, காவல் அதிகாரியின் குரல் மட்டுமே தொடக்கம் முதல் முடிவு வரை கேட்கிறது.

இச்சிக்கனம் படத்தின் பொருளையும் பாதித்துள்ளது எனலாம். ஜிம்மிக்கு என்ன தோன்றியது, எப்போது பயந்தான், எந்தச் சொற்களால் பெற்றோரிடம் தொடங்கினான் என்பவை எதுவும் அவன் வாயால் வருவதில்லை. எப்படிச் சொல்வது என்பதே இத்தகைய துன்பத்துக்கு உள்ளான குழந்தை கற்க வேண்டிய கடினமான பாடம். படம் அந்த இடத்தை ஒரே வாக்கியத்தில் கடந்து விடுகிறது. கறுப்புக் கண்ணாடியும் மீசையுமாகத் தோன்றும் ரால்ஃபின் உருவமும் பார்த்தவுடனே கெட்டவன் என்று தெரியும்படி அமைந்துள்ளது. நோய் கண்ணுக்குத் தெரியாது என்று குரல் சொல்லும்போதே படம் அதைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

காலப் பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 16 மி.மீ. படவீழ்த்திகள் அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாயின. வகுப்பறைப் படங்களுக்குப் பெரும் தேவை ஏற்பட்டது. அதே காலத்தில் பாலியல் குற்றவாளிகள் பற்றிய அச்சமும் நாட்டில் பெருகியிருந்தது. பாலியல் குற்றவாளிகள் காவல்துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை 1947 இல் முதன்முதலாகக் கொண்டுவந்த மாநிலம் கலிபோர்னியாவே. வயதுவந்த இருவர் மனமொத்து உறவு கொள்வதும் ஒரே பாலினராயின் அம்மாநிலத்தில் குற்றமாக இருந்தது. 1975 இல் நிறைவேறிய சட்டமே அந்நிலையை மாற்றியது. அமெரிக்க உளமருத்துவர் சங்கமும் தற்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. எனவே படத்தின் கருத்து அக்காலக் காவல்துறை, மருத்துவம், சட்டம் ஆகிய மூன்றும் ஏற்றிருந்த கருத்தே ஆகும்.

ஆயினும் வேறு கருத்து அன்று இல்லாமல் இல்லை. லாஸ் ஏஞ்சலசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர், தற்பால் ஈர்ப்புடைய ஆண்களையும் ஏனைய ஆண்களையும் உளவியல் சோதனைகளுக்கு உட்படுத்தி, அச்சோதனை முடிவுகளைக் கொண்டு இரு சாராரையும் வல்லுநர்களால் பிரித்தறிய இயலவில்லை என்று 1957 இல் வெளியிட்டார். தற்பால் ஈர்ப்புடையோரின் உரிமைக்காக மாட்டாசின் சங்கம் 1950 இல் தோன்றியதும் அதே நகரில்தான். படம் எடுக்கப்பட்ட இடத்திலிருந்து இவை தொலைவில் நடந்தவை அல்ல.

கண்டனங்கள்

இப்படத்தின் மீதான முதன்மைக் கண்டனம், அது இரு வேறு செய்திகளைக் குழப்பியது என்பதாகும். வயதுவந்த ஒருவர் யாரை விரும்புகிறார் என்பது ஒன்று. குழந்தையைத் தன் இச்சைக்குப் பயன்படுத்துவது முற்றிலும் வேறு. அமெரிக்க உளவியலாளர் நிக்கலஸ் குரோத் தம் சக ஆய்வாளருடன் 1978 இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட 175 ஆண்களை ஆராய்ந்தார். அவர்களுள் வயதுவந்த ஆண்களை மட்டுமே நாடும் இயல்புடையவர் ஒருவரும் இல்லை.

டேவிஸ் அதே ஆண்டில் வெளியிட்ட "கேர்ள்ஸ் பிவேர்" என்ற படத்துடன் ஒப்பிடும்போது இக்குழப்பம் மேலும் தெளிவாகிறது. அதில் சிறுமிகளை ஏமாற்றும் ஆண்கள் வருகின்றனர். அவர்கள் பெண்களை விரும்புவதே நோய் என்று அப்படம் கூறுவதில்லை. அங்கே குற்றம் அந்த மனிதனுடையது. பாய்ஸ் பிவேர் படத்தில் அது ஒரு மக்கள் பிரிவினர் முழுவதற்கும் உரியதாகி விடுகிறது. வகுப்பில் அமர்ந்து இதைப் பார்த்த சிறுவர்களுள் தற்பால் ஈர்ப்பு உடையோரும் இருந்திருப்பர். தம்மைப் பற்றி அவர்கள் அரசு அதிகாரியின் வாயால் கேட்ட முதற்செய்தி பெரியம்மையோடு ஒப்பிட்ட செய்தியாக இருந்தது.

இரண்டாவது கண்டனம் பாதுகாப்புக் கல்வியாளர்களுக்கு முக்கியமானது. ஜிம்மி செய்ய வேண்டியதைச் செய்கிறான், பெற்றோரிடம் சொல்கிறான். அதன் பின் அவன் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்படுகிறான். பாதிக்கப்பட்டவனுக்கு ஏன் இது என்று படம் விளக்குவதில்லை. விளக்கம் தேவை என்றும் கருதவில்லை. பரிசு வாங்கியதும் வண்டியில் ஏறியதும் அவனுடைய குற்றங்களாகக் கொள்ளப்பட்டன போலும். இதைக் காணும் வேறொரு சிறுவன், அவனுக்கும் இவ்வாறு நடந்துகொண்டிருக்குமாயின், வாய் திறந்தால் தானும் காவல்துறையின் பிடியில் சிக்குவோம் என்றே எண்ணுவான். குழந்தைகள் சொல்லாமல் மறைப்பதையே குற்றவாளி நம்பியிருக்கிறான். அந்த நம்பிக்கைக்குப் படம் துணைபோகிறது.

படத்தில் சரியாக அமைந்த பகுதியும் உண்டு. ரால்ஃப் சிறுவனை அணுகும் முறை இன்றைய குழந்தைப் பாதுகாப்பு நூல்கள் விவரிக்கும் முறையை ஒத்துள்ளது: முதலில் நட்பு, பின் சிறு பரிசுகள், பின் இருவருக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம், பின் எல்லை மீறல். ஆனால் இதில் எச்சரிக்கைக்குரிய அடையாளம் அந்த நடத்தையே என்று குரல் சுட்டிக்காட்டவில்லை. அந்நியர்களிடம் கவனமாயிரு என்ற முடிவுக்கே மீண்டும் வருகிறது. விடுதி அறைக்குச் சென்ற நாளில் ரால்ஃப் அந்நியன் அல்லன், ஜிம்மியின் நண்பன்.

டேவிசின் பதில்

1960களின் இறுதியில், குறிப்பாக 1969 இல் நியூயார்க் நகரின் ஸ்டோன்வால் விடுதியில் நடந்த கிளர்ச்சிக்குப் பின், தற்பால் ஈர்ப்புடையோரின் உரிமை இயக்கம் வலுப்பெற்றது. இப்படம் முன்வைத்த வகையான கருத்துகள் பொது வெளியில் எதிர்க்கப்பட்டன. 1973 டிசம்பரில் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தற்பால் ஈர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது.

மாறிய காலத்துக்கு டேவிஸ் அளித்த பதில் இன்னொரு படமாக அமைந்தது. 1973 ஆம் ஆண்டிலேயே பாய்ஸ் பிவேர் வண்ணத்தில் புதிதாக எடுக்கப்பட்டது. கார்களும் உடைகளும் தலைமுடியும் எழுபதுகளுக்கு ஏற்ப மாறின. வர்ணனை பெரும்பாலும் பழைய வர்ணனையாகவே இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் பழையதாகிப் போனவை ஆடைகள் மட்டுமே என்று தயாரிப்பாளர் கருதினார் என இதிலிருந்து கொள்ள இடமுண்டு.

இதற்கு வணிகக் காரணமும் இருந்தது. இப்படங்களைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் பள்ளி நிர்வாகங்களும் காவல்துறைகளும் ஆவர். படம் பார்க்கும் சிறுவர்கள் அதனைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்களிடம் கருத்துக் கேட்பாரும் இல்லை. படத்தில் இழித்துரைக்கப்பட்டோர் வாங்குவோர் வரிசையிலேயே இல்லை. கட்டணம் கொடுத்துத் திரையரங்குக்கு வருவோர் புறக்கணித்தால் படம் தோற்கும். வகுப்பறைப் படத்துக்கு அத்தகைய சோதனை கிடையாது. பள்ளி வாங்கிய படி பழுதாகும் வரை ஆண்டுதோறும் ஓடிக்கொண்டிருக்கும்.

டேவிசின் நோக்கத்தைப் பலரும் ஐயுறுவதில்லை. ஒரு சிறுமியின் கொலையைக் கண்டு மனம் வருந்தித் தொடங்கிய பணி அது. வண்டி எண்ணைக் குறித்துக்கொள், நண்பர்களைவிட்டுத் தனியே போகாதே போன்ற அறிவுரைகள் பயனற்றவை அல்ல. இருப்பினும், நல்ல நோக்கம் இருந்தமையாலேயே உள்ளடக்கத்தை எவரும் சரிபார்க்கவில்லை என்பதும் உண்மை. குழந்தை உளவியல் அறிந்த ஒருவர் உரையைப் படித்திருந்தால், ஜிம்மியின் முடிவு அவ்வாறே நின்றிருக்க வாய்ப்பில்லை.

இந்தியச் சூழல்

இப்படத்தில் காணப்படும் குழப்பம் இந்தியச் சட்டத்திலும் நெடுங்காலம் நிலவியது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வன்புணர்வுக் குற்றம் பெண்ணுக்கு எதிரானதாக மட்டுமே வரையறுக்கப்பட்டிருந்தது. எனவே சிறுவன் ஒருவன் பாலியல் வன்முறைக்கு உள்ளானால், பெரும்பாலும் 377 ஆம் பிரிவின் கீழேயே வழக்குத் தொடர வேண்டியிருந்தது. வயதுவந்த இருவர் மனமொத்து வாழ்வதைக் குற்றமாக்கியதும் அதே பிரிவுதான். கோவாவில் மட்டும் 2003 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் தனி வழி செய்தது. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ), சிறுவர் சிறுமியர் இருவரையும் வேறுபாடின்றிப் பாதுகாத்தது. அதன் பின் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் மனமொத்த உறவை 377 ஆம் பிரிவிலிருந்து விலக்கியது. இவ்வாறு இரண்டும் சட்டத்தில் பிரிக்கப்பட்டன.

அந்நியர் என்ற எச்சரிக்கையின் போதாமையையும் இந்தியத் தரவுகள் காட்டுகின்றன. நடுவண் அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007 இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. அவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். அவ்வாறு தெரிவித்தவர்களுள் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் ஆண் குழந்தைகள். துன்புறுத்தியவர்களுள் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் சொல்லவில்லை.

டேவிசின் படங்கள் வழியில் செல்லும் எவரும் எவரையும் அறியாத பெருநகரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை போன்ற ஊரை எண்ணிப் பார்க்கலாம். அணையின் நீர்ப்பரப்பைப் படகில் கடந்து வரும் காணிக்காரர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும், ரப்பர்த் தோட்டங்களின் இடையே நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கும் வழியில் எதிர்ப்படும் முகங்களில் பெரும்பாலானவை தெரிந்த முகங்களே. மாமா என்றும் அண்ணன் என்றும் அழைக்கப்படுவோர் அவர்கள். இங்கு அந்நியரோடு போகாதே என்ற அறிவுரையை ஒரு குழந்தை ஒருநாளும் மீறாமலே வளர்ந்துவிடக்கூடும். தெரிந்தவர் ஒருவர் எல்லை மீறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

பிற்கால இந்தியப் படங்கள் இக்கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன. சைல்டுலைன் இந்தியா அறக்கட்டளைக்காக எடுக்கப்பட்ட "கோமல்" என்ற இயங்குபடக் குறும்படத்தில், சிறுமியைத் துன்புறுத்துபவர் அவளுடைய தந்தையின் நண்பரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆவார். எத்தகைய தொடுகை பாதுகாப்பற்றது, அப்போது எப்படி மறுப்பது, யாரிடம் சொல்வது என்பவை படிப்படியாக விளக்கப்படுகின்றன. 62 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த கல்விப் படத்துக்கான விருதை இப்படம் மற்றொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. சைல்டுலைன் அமைப்பின் 1098 என்ற இலவசத் தொலைபேசி எண் பள்ளிக் குழந்தைகளிடையே பரவலாக அறிமுகமானது.

தற்பால் ஈர்ப்பைப் பற்றிய பாடம் தமிழ்நாட்டில் நீதிமன்றத்தின் வழியே பள்ளிகளை நோக்கி வந்தது. பெற்றோரின் எதிர்ப்புக்கு உள்ளான இரு பெண்கள் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை, காவல்துறையினருக்குப் பயிற்சி, பள்ளி கல்லூரிப் பாடத்திட்டங்களில் மாற்றம் ஆகியவை அதில் இடம்பெற்றன. இப்பொருள் பற்றித் தமக்கிருந்த முன்முடிவுகளை அந்நீதிபதி திறந்தே ஒப்புக்கொண்டு, தீர்ப்புக்கு முன் உளவியலாளர் ஒருவரிடம் விளக்கம் பெற்றமை குறிப்பிடத்தக்கது. இவ்வழக்கின் தொடர்ச்சியாக, மதிப்புக் குறையாத தமிழ்ச் சொற்களைக் கொண்ட சொற்பட்டியல் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2022 இல் வெளியிட்டது.

பிற்கால வாழ்வு

பாய்ஸ் பிவேர் தற்போது பொதுவுரிமையில் உள்ளது. வகுப்பறைப் படங்களையும் விளம்பரப் படங்களையும் திரட்டிய ரிக் பிரெலிங்கரின் காப்பகத் தொகுப்பின் வழியாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கென் சுமித் 1999 இல் எழுதிய "மென்டல் ஹைஜீன்" என்ற நூல், 1945 முதல் 1970 வரையிலான அமெரிக்க வகுப்பறைப் படங்களை ஆராய்கிறது. டேவிசின் படங்கள் அதில் தனியிடம் பெற்றுள்ளன. 2010 இல் வெளியான "ஸ்டோன்வால் அப்ரைசிங்" என்ற ஆவணப்படம், அறுபதுகளின் மனநிலையைக் காட்ட இப்படத்தின் காட்சிகளைப் பயன்படுத்தியது.

மிகையான குரலும் செயற்கையான நடிப்பும் காரணமாக இப்படத்தைச் சிரிப்புக்காகப் பார்ப்போரும் உளர். திரைப்பட வரலாறு, பாலினக் கல்வி ஆகிய துறைகளில் இது பாடப்பொருளாக எடுத்தாளப்படுகிறது. டேவிஸ் 2006 அக்டோபர் 16 அன்று கலிபோர்னியாவில் தம் 90 ஆம் வயதில் காலமானார்.